குதிகாலுக்குத் தனிக் காலண்டர்

பதினோராவது வாரம், திங்கட்கிழமை காலை. கட்டிலிலிருந்து இறங்கி இடது காலை ஊன்றியதும், குதிகாலுக்கு நாலு விரற்கடை மேலே ஒரு பிடிப்பு. காய்ந்த கயிற்றை யாரோ உள்ளே இழுத்துக் கட்டியதுபோல. குளியலறைக்குப் போய்த் திரும்புவதற்குள் சரியாகிவிட்டது. முந்தைய நாள் 14 கிலோமீட்டர் ஓடிய அலுப்பு என்று விட்டுவிட்டேன். செவ்வாய்க்கிழமையும் அதே பிடிப்பு. புதன்கிழமை மாடிப்படி இறங்க, பக்கத்துக் கம்பியைப் பிடிக்க வேண்டியிருந்தது.

வலியைவிட எரிச்சல்தான் அதிகம். அந்த வாரம்தான் எல்லாம் கூடி வந்திருந்தது. பிப்ரவரியில், 43 வயதில், பெசன்ட் நகர் கடற்கரைச் சாலையில் முதன்முதலாக 5 கிலோமீட்டர் ஓடியபோது 41 நிமிடம் ஆனது. மூன்று இடங்களில் நின்று, முழங்காலில் கையை ஊன்றி, தரையைப் பார்த்துக்கொண்டிருந்த நேரமும் அதில் சேர்த்தி. ஏப்ரல் கடைசியில் அதே தூரம் 32 நிமிடம். ஓய்வாக இருக்கும்போது நிமிடத்துக்கு 74 தடவை துடித்த இதயம் 61க்கு இறங்கியிருந்தது. மூச்சு சொன்னபடி கேட்டது, தொடை கேட்டது. குதிகாலுக்கு மட்டும் என்ன வந்தது?

அதற்குப் பதில் தெரிய, முதலில் எவையெல்லாம் சரியாக நடந்தன என்று பார்க்க வேண்டும்.

ஓடத் தொடங்கியதும் முதலில் மாறுவது ரத்தம். தசையைக்கூட அது முந்திக்கொள்ளும். வியர்வையில் நீர் போகிறது; வேலை செய்யும் தசைக்கும் ரத்தம் வேண்டும், சூட்டை வெளியேற்றத் தோலுக்கும் ரத்தம் வேண்டும். இருப்பது போதவில்லை என்று உடம்பு கண்டுகொள்கிறது. சிறுநீரகம் உப்பையும் நீரையும் பிடித்து வைக்கிறது. ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மா முதல் ஒன்றிரண்டு வாரத்திலேயே பத்து சதவீதம்வரை கூடிவிடும். சென்னை மாதிரி வெக்கையான ஊரில் ஓடினால் இந்தக் கூடுதலுக்கு இன்னொரு காரணமும் சேர்கிறது.

இதை நான் தெரிந்துகொண்ட விதம் கொஞ்சம் அபத்தமானது. ஏப்ரல் தொடக்கத்தில் அலுவலகத்தில் எல்லோருக்கும் வருடாந்திர ரத்தப் பரிசோதனை. போன வருடம் 13.7 இருந்த ஹீமோகுளோபின் இந்த முறை 12.9. அறிக்கையில் அந்த எண்ணை மட்டும் கொட்டை எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள். பார்த்த மருத்துவர், "ரத்தம் குறைஞ்சிருக்கே, சாப்பாடு ஒழுங்கா சாப்பிடறீங்களா?" என்று கேட்டு, மூன்று மாதத்துக்கு இரும்புச்சத்து மாத்திரை எழுதினார். ஓடுகிறேன் என்று நானும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து அறிக்கையின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன். உடம்பில் சுமார் 5 லிட்டர் ரத்தம். 100 மில்லிக்கு 13.7 கிராம் என்றால் மொத்தம் 685 கிராம் ஹீமோகுளோபின். அதில் ஒரு கிராமும் குறையாமல் பிளாஸ்மா மட்டும் 300 மில்லி கூடினால் ரத்தம் 5.3 லிட்டர். 685ஐ அதில் பரப்பினால் 100 மில்லிக்கு 12.9. குழம்பில் தண்ணீர் கூடியிருக்கிறது, புளி அப்படியேதான் இருக்கிறது. ஓடுகிறவர்களிடம் காணும் இந்தப் பொய்ச் சோகைக்கு விளையாட்டு வீரர் சோகை என்றே மருத்துவத்தில் பெயர் உண்டு. எல்லாச் சோகையும் இப்படிப் பொய் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. நிஜமான இரும்புச்சத்துக் குறைவும் ஓடுகிறவர்களுக்கு வரும், பெண்களுக்கு இன்னும் அதிகமாக. இரண்டையும் பிரித்துக் காட்ட ஃபெரிட்டின் என்று தனிப் பரிசோதனை இருக்கிறது. என்னுடையது சரியாக இருந்தது. மாத்திரைப் பட்டை இன்னும் அலமாரியில் கிடக்கிறது.

கூடிய அந்த 300 மில்லி சும்மா சுற்றுவதில்லை. இதயத்தின் அறைக்குள் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் அதிகம் ரத்தம் வந்து விழுகிறது. அறையின் சுவர் கூடுதலாக விரிந்து, அதே அளவு பலமாகச் சுருங்கித் தள்ளுகிறது. ஓய்வில் உடம்புக்கு நிமிடத்துக்கு 5 லிட்டர் வேண்டும். 74 துடிப்பில் அதை அனுப்பினால் ஒரு துடிப்புக்கு 68 மில்லி. 61 துடிப்பில் அனுப்பினால் 82 மில்லி. துடிப்பைத் தணிக்கும் நரம்பின் கை ஓங்குவதும் இதில் சேரும். எப்படியோ, கைக்கடிகாரம் காட்டிய எண் இறங்கியதன் பின்னணி இவ்வளவுதான்.

அடுத்தது தசை. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் ஜான் ஹொலாசி என்ற ஆய்வாளர் எலிகளைச் சிறிய டிரெட்மில்லில் வாரக்கணக்கில் ஓடவிட்டார். பயிற்சி முடிந்த எலிகளின் காலில், உணவையும் ஆக்சிஜனையும் சேர்த்து ஆற்றலாக்கும் மைட்டோகாண்ட்ரியாவின் நொதிகள் ஏறக்குறைய இரண்டு மடங்காகியிருந்தன. 1967இல் இது வெளியானது. அதுவரை, பயிற்சி என்றால் இதயத்துக்கும் நுரையீரலுக்கும்தான் என்று பலரும் எண்ணியிருந்தார்கள். கெண்டைக்காலுக்குள்ளேயே உலைகள் பெருகுகின்றன என்று காட்டியவர் ஹொலாசி.

அந்த உலைகளைப் பெருக்க எவ்வளவு வேகமாக ஓட வேண்டும்? இந்தக் கேள்வியில்தான் என்னைப் போன்றவர்கள் வழுக்கி விழுகிறோம்.

கடற்கரையில் தினமும் ஒருவரைப் பார்ப்பேன். வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர், வயது அறுபதைத் தாண்டியவர். வெள்ளை பனியன், தோளில் ஈரிழைத் துண்டு. நடையா ஓட்டமா என்று சந்தேகப்படும்படியான வேகம். நான் அவரைத் தாண்டிப்போய், மூச்சு வாங்க நின்றுகொண்டிருக்கும்போது அவர் என்னைத் தாண்டிப் போவார். மூன்றாவது வாரம் ஒருநாள் என் பக்கத்தில் வந்து வேகத்தைக் குறைத்தார்.

"தம்பி, நேத்து ராத்திரி என்ன சாப்பிட்டீங்க?"

"இட்லி... சார்... நாலு..."

"பாருங்க, இட்லிக்கும் நாலுக்கும் நடுவுல மூச்சு வாங்குறீங்க. ஒரு வாக்கியம் முழுசா பேச வராத வேகத்துல எதுக்கு ஓடணும்?"

இதே விதியைக் கண்டுபிடிக்க நியூசிலாந்தில் ஒருவர் ஏழெட்டு வருடம் தன் உடம்பையே சோதனைக்கூடமாக்கியிருக்கிறார். ஆர்தர் லிடியார்ட். ஆக்லாந்தில் காலணித் தொழிற்சாலைத் தொழிலாளி; வருமானம் போதாமல் பால் வண்டி வேலையும் பார்த்தவர். ரக்பி ஆடுவதால் தனக்கு உடம்பு நன்றாகவே இருப்பதாக நம்பியவர். 1940களின் நடுவில், இருபத்தேழு இருபத்தெட்டு வயதில், தன்னைவிட மூத்த நண்பர் ஒருவருடன் ஐந்து மைல் ஓடப் போனார். பாதியிலேயே நெஞ்சு வெடித்துவிடும்போல ஆகிவிட்டது. இந்த வயதிலேயே இப்படியென்றால் நாற்பத்தேழில் எப்படியிருப்பேன் என்ற பயம்தான் அவரை ஓட வைத்தது.

அந்தக் காலத்துப் பயிற்சிப் புத்தகங்கள் வேகத்தையே பேசின. லிடியார்ட் தூரத்தைக் கூட்டிப் பார்த்தார். வாரத்துக்குச் சில மைலும் ஓடினார், மிகையாக ஏறி இருநூற்றைம்பது மைலும் ஓடிப்பார்த்தார். எந்த வேகத்தில் மறுநாள் உடம்பு திரும்பி வருகிறது, எந்த வேகத்தில் வரவில்லை என்று பார்த்துப் பார்த்து, வாரத்துக்கு நூறு மைல், பெரும்பகுதி பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகத்தில் என்ற கணக்குக்கு வந்து சேர்ந்தார். 1953லும் 1955லும் நியூசிலாந்தின் மாரத்தான் சாம்பியன். அவரிடம் பயிற்சிக்கு வந்து சேர்ந்தவர்கள் பெரும்பாலும் உள்ளூர்ப் பையன்கள். அவர்களில் பீட்டர் ஸ்னெல் 1960 ரோம் ஒலிம்பிக்கில் 800 மீட்டரில் தங்கம் வாங்கினார்; ஒரு மணி நேரத்துக்குள் அதே மைதானத்தில் முர்ரே ஹால்பெர்க் 5000 மீட்டரில் தங்கம் வாங்கினார்; சில நாள் கழித்து பேரி மேகீ மாரத்தானில் வெண்கலம். இரண்டே சுற்றில் முடிந்துவிடும் 800 மீட்டருக்கு நூறு மைல் மெல்லோட்டம் எதற்கு என்று கேட்டவர்கள் அதன்பிறகு கேட்கவில்லை.

பேசிக்கொண்டே ஓட முடிகிறதா என்று பார்க்கும் இந்தப் பேச்சுப் பரிசோதனைக்கு வேதியியல் காரணம் ஒன்று உண்டு. வேகம் ஓர் எல்லையைத் தாண்டினால் தசையில் லாக்டேட்டும், கூடவே அமிலத்தன்மையும் ஏறுகின்றன. ரத்தத்தில் இருக்கும் பைகார்பனேட் அந்த அமிலத்தைத் தணிக்கிறது. தணிக்கும்போது கூடுதலாகக் கார்பன் டை ஆக்சைடு பிறக்கிறது. வயிற்றெரிச்சலுக்குச் சோடா உப்பு குடித்தால் நுரை பொங்குவதும் இதே வினைதான். அந்த வாயுவை வெளியேற்ற மூளை மூச்சை விரட்டுகிறது. பேச்சுக்கு வேண்டிய காற்றும் அதில் போய்விடுகிறது. ஆகவே இட்லிக்கும் நாலுக்கும் நடுவில் மூச்சு வாங்கினால் எல்லையைத் தாண்டியாயிற்று என்று பொருள். எல்லைக்குக் கீழே ஒரு மணி நேரம் ஓடலாம், மறுநாளும் ஓடலாம். மைட்டோகாண்ட்ரியா பெருகுவது ஓடும் நேரத்தைப் பொறுத்தும் இருப்பதால், மறுநாளும் ஓட முடிகிறவருக்கு லாபம். இன்றைக்கு உலகத்தின் முதல்தர ஓட்டக்காரர்களும் துடுப்புப் படகு வீரர்களும் தங்கள் பயிற்சியில் ஐந்தில் நாலு பங்கைச் சுலபமான வேகத்தில்தான் செய்கிறார்கள் என்று ஸ்டீபன் சைலர் என்ற ஆய்வாளர் தொகுத்துக் காட்டியிருக்கிறார்.

பெரியவர் சொன்னதை நானும் கேட்டேன். அதனால்தான் 41 நிமிடம் 32 ஆனது. பிறகு ஒரு தப்புச் செய்தேன்.

என்னோடு அதே பிப்ரவரியில் ஓடத் தொடங்கிய அலுவலக நண்பருக்கு ஏப்ரலில் 5 கிலோமீட்டர் 26 நிமிடம். வயது 29 என்று மனதைத் தேற்றிக்கொள்ளலாம். ஆனால் வயது மட்டும் காரணமில்லை. கிளாட் பூஷார் தலைமையில் நடந்த ஹெரிட்டேஜ் குடும்ப ஆய்வில், 98 குடும்பங்களைச் சேர்ந்த, அதுவரை உடற்பயிற்சியே செய்யாத 481 பேருக்கு 20 வாரம் ஒரேமாதிரிப் பயிற்சி கொடுத்தார்கள். உடம்பு உச்சத்தில் எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜன் சராசரியாக நிமிடத்துக்கு 400 மில்லி கூடியது. அந்தச் சராசரிக்குள் சிலருக்குக் கிட்டத்தட்ட எதுவுமே கூடவில்லை. சிலருக்கு ஒரு லிட்டருக்கு மேல் கூடியது. ஒரே குடும்பத்துக்குள் வித்தியாசம் குறைவு, குடும்பத்துக்குக் குடும்பம் அதிகம். ஆக, நண்பரின் 26 நிமிடத்தில் அவர் தாத்தாவுக்கும் பங்கு இருக்கலாம். இதெல்லாம் எனக்குத் தெரிந்தும், ஞாயிற்றுக்கிழமை ஓட்டத்தை மூன்றே வாரத்தில் 8 கிலோமீட்டரிலிருந்து 14க்கு ஏற்றினேன். இதயம் தாங்கியது. மூச்சு தாங்கியது. தாங்காததை நான் கணக்கிலேயே சேர்க்கவில்லை.

கெண்டைக்கால் தசையையும் குதிகால் எலும்பையும் இணைக்கும் தடித்த நார்க்கயிறுதான் அக்கிலீஸ் தசைநாண். நம் ஊரில் 'குதிகால் நரம்பு' என்போம், அது நரம்பு இல்லையென்றாலும். ஓடும்போது ஒவ்வொரு அடியிலும் உடல் எடையைப்போல ஆறேழு மடங்கு சுமை அதில் ஏறி இறங்குகிறது. ஒரு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய ஆயிரம் அடி, காலுக்கு ஐந்நூறு. 14 கிலோமீட்டர் என்றால் இடது குதிகாலுக்கு ஏழாயிரம் தடவை. தசைக்குள் ரத்தக் குழாய்கள் வலைபோலப் பின்னிக் கிடக்க, இந்த நாணுக்கு ரத்த ஓட்டம் மிகக் கொஞ்சம்; அதிலும் எனக்கு வலித்த அந்த நாலு விரற்கடைப் பகுதியில் இன்னும் குறைவு.

எவ்வளவு மெதுவாகப் புதுப்பிக்கப்படுகிற பொருள் இது என்று அளக்க, அணுகுண்டு உதவியிருக்கிறது. 1955 முதல் 1963 வரை அமெரிக்காவும் சோவியத் யூனியனும் வளிமண்டலத்தில் வெடித்த சோதனைக் குண்டுகளால் காற்றில் கார்பன்-14 ஏறத்தாழ இரு மடங்கானது. 1963இல் ஒப்பந்தம் போட்டு வளிமண்டலச் சோதனைகளை நிறுத்தியபின் அந்த அளவு ஆண்டுதோறும் இறங்கி வருகிறது. செடி அதை உண்டு, செடியை நாம் உண்டு, எந்த ஆண்டில் ஒரு திசு உருவானதோ அந்த ஆண்டின் முத்திரை அதில் பதிந்துவிடும். கோபன்ஹேகனைச் சேர்ந்த காட்ஜா ஹைன்மையரும் குழுவினரும் இறந்தவர்களின் அக்கிலீஸ் நாணின் நடுப்பகுதியை எடுத்து அந்த முத்திரையைப் படித்தார்கள். 2013இல் முடிவு வெளியானது. தசையில் இருந்த கார்பன் அண்மைக் காலத்தது. நாணின் நடுப்பகுதியில் இருந்ததோ, அவர்களுடைய முதல் 17 வருடத்துக் கார்பன். வளர்ச்சி நின்றபிறகு அந்த உட்பகுதி ஏறக்குறைய மாறவே இல்லை.

இதைப் படித்த அன்று என் குதிகாலை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே இருப்பது பள்ளிக்கூடத்தில் நான் சாப்பிட்ட சத்துணவு. பன்னிரண்டாம் வகுப்போடு கட்டி முடித்த கயிற்றில், இருபத்தாறு வருடம் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டு, வாரத்துக்கு வாரம் சுமையைக் கூட்டியிருக்கிறேன்.

எலும்பு இவ்வளவு பிடிவாதமில்லை, அதற்கு வேறொரு சிக்கல். புதிய சுமை வந்ததும் எலும்பு முதலில் தன்னைத் தானே தோண்டுகிறது. பழையதை அரிக்கும் செல்கள் வேலையை முடித்த பிறகுதான் புதிதாகப் பூசும் செல்கள் வரும். பூசி முடிய மூன்று நாலு மாதம். வெள்ளையடிக்கச் சுரண்டிய சுவர்போல, நடுவில் சில வாரம் எலும்பு முன்பைவிட பலவீனமாகவே நிற்கிறது. புதிதாக ராணுவத்தில் சேர்ந்து அணிவகுக்கும் இளைஞர்களுக்குக் காலெலும்பில் நூலிழை விரிசல் விழுவது பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான். எனக்கு விழாதது அதிர்ஷ்டம்.

குதிகாலுக்கு என்ன வைத்தியம்? ஓய்வு என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். நாணைப் பொறுத்தவரை வெறும் ஓய்வால் வலி அடங்குமே தவிர பலம் வராது. திரும்ப ஓடினால் வலியும் திரும்பும். இதில் சுவீடன் நாட்டு எலும்பு மருத்துவர் ஹோகன் ஆல்ஃப்ரெட்சனின் கதை எனக்கு மிகப் பிடிக்கும். அவரும் பொழுதுபோக்காக ஓடுகிறவர். அவருக்கும் இதே குதிகால் வலி. அறுவை சிகிச்சை செய்துவிடலாம் என்று தன் மேலதிகாரியிடம் கேட்டார். அவ்வளவு ஒன்றும் மோசமில்லை, வேலைக்கு ஆள் குறையும் என்று அவர் மறுத்துவிட்டார். சரி, மோசமாக்கிக் காட்டுகிறேன், அப்போது செய்துதானே ஆக வேண்டும் என்று ஆல்ஃப்ரெட்சன் படிக்கட்டு விளிம்பில் முன்னங்காலால் நின்று, வலிக்க வலிக்கக் குதிகாலைக் கீழே இறக்கத் தொடங்கினார். கயிறு அறுந்தால் சரி என்ற எண்ணம். வாரங்கள் போயின; வலி போய்விட்டது.

பிறகு அதை முறையாகவே சோதித்தார். பொழுதுபோக்கு ஓட்டக்காரர்கள் 15 பேர், 12 வாரம், ஒரு நாளைக்கு 180 தடவை இறக்கம். 15 பேரும் பழையபடி ஓடப் போனார்கள். 1998இல் வெளியான ஆய்வு அது. பின்னால் வந்த ஆய்வுகளில் இவ்வளவு சுத்தமான வெற்றி கிடைக்கவில்லை என்றாலும், மெதுவாக, கனமாக, மாதக்கணக்கில் சுமை ஏற்றினால்தான் நாண் திருந்தும் என்ற அடிப்படை நிலைத்துவிட்டது.

எங்கள் வீட்டு மாடிப்படியின் இரண்டாவது படிதான் எனக்குச் சிகிச்சைக் கூடம். காலையில் தொண்ணூறு, இரவில் தொண்ணூறு. முழங்கால் நேராகப் பதினைந்து பதினைந்தாக மூன்று சுற்று, மடக்கி மூன்று சுற்று. பிசியோதெரபிஸ்ட் சொன்னபடி இறக்குவது மட்டும் வலிக்கிற காலில், ஏற்றுவது நல்ல காலில். மூன்றாவது வாரம் ஆனபோது, பையில் பத்துக் கிலோ அரிசி போட்டு முதுகில் மாட்டிக்கொண்டேன். கீழ்வீட்டு அம்மா, "ஏன் தம்பி, படியிலயே நின்னு நின்னு எங்க போறீங்க?" என்று கேட்டார். நியாயமான கேள்வி.

ஆறு வாரம் ஓட்டம் இல்லை. அதற்குள் ரத்தம் பழைய இடத்துக்குக் கிளம்பிவிட்டது. சீக்கிரம் வந்தது சீக்கிரம் போகும். பிளாஸ்மா சில நாளிலேயே வடியும், மைட்டோகாண்ட்ரியா சில வாரத்தில். 1966இல் டல்லஸ் நகரில் 20 வயது இளைஞர்கள் ஐவரை மூன்று வாரம் படுக்கையிலேயே கிடத்தினார்கள். அவர்கள் உச்சத்தில் எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜன் கால்வாசிக்கு மேல் குறைந்தது. முப்பது வருடம் கழித்து அதே ஐவரை அழைத்து அளந்தபோது, முப்பது வருட முதுமை செய்த சேதம் அந்த மூன்று வாரப் படுக்கை செய்ததைவிடக் குறைவாக இருந்தது. இந்த பயத்தில் மகளின் சைக்கிளை எடுத்துக்கொண்டு தினமும் திருவான்மியூர்வரை மிதித்தேன். என்ன மிதித்தும் துடிப்பு 61இலிருந்து 66க்கு ஏறியது.

ஜூலையில் மறுபடி ஓடத் தொடங்கினேன். ஞாயிறு ஓட்டத்தில் ஒரு வாரத்துக்கு ஒரு கிலோமீட்டருக்கு மேல் ஏற்றவில்லை. நாலாவது வாரம் தூரத்தைக் குறைத்தேன். நண்பரின் நேரத்தைக் கேட்பதை நிறுத்தினேன். பெரியவரோடு சேர்ந்துகொண்டு, அவர் பென்ஷன் கணக்கையும் மருமகன் வேலை மாற்றத்தையும் முழு வாக்கியங்களில் பேசியபடி ஓடினோம். துடிப்பு எத்தனை என்று பார்ப்பதற்கு முன், காலையில் முதல் அடி எப்படி விழுகிறது என்று பார்க்கப் பழகினேன்.

ஜனவரியில் அரை மாரத்தான். 21.1 கிலோமீட்டர், 2 மணி 23 நிமிடம். பெரியவர் எனக்கு நாலு நிமிடம் முன்னால் முடித்துவிட்டு, துண்டால் முகத்தைத் துடைத்தபடி வாழைப்பழம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

மறுநாள் திங்கட்கிழமை. கட்டிலிலிருந்து இறங்கி இடது காலை ஊன்றினேன். தொடை வலித்தது, இடுப்பு வலித்தது. குதிகால் வலிக்கவில்லை. இரண்டாவது படிக்குப் போய், தொண்ணூறு இறக்கினேன்.